ஈகேஎஸ் நோட் குரூப்களை ஏஐ ஏஜென்ட் பட்டியலிட ஒரு டூல்: முதல்முறை செய்பவர்களுக்கு

மூன்று மாதத்துக்கு முன் எங்கள் டீமில் ஒருவர் ஏஐ ஏஜென்ட்டிடம் சாதாரணமாக ஒன்று கேட்டார்: "எந்த கிளஸ்டர் சும்மா கிடக்கிறது?" நான் எழுதிக் கொடுத்திருந்த டூலை ஏஜென்ட் கூப்பிட்டது, டூல் வெற்றுப் பட்டியலைத் திருப்பித் தந்தது, உடனே ஏஜென்ட் "இந்த கிளஸ்டரில் நோட் குரூப் எதுவும் இல்லை, காலியாக இருக்கிறது, நீக்கிவிடலாம்" என்று எழுதிவிட்டது. அந்த நேரம் அதில் 31 மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாமே கார்பென்டர் (தேவைக்கேற்ப மெஷினைத் தானாக ஏற்றி இறக்கும் குபர்நெட்டிஸ் கருவி) ஏற்றியவை. நோட் குரூப் என்பது ஒன்றாக நிர்வகிக்கப்படும் மெஷின்களின் கூட்டம், கார்பென்டர் ஏற்றும் மெஷின் எந்த நோட் குரூப்பிலும் சேராது. நீக்குவதற்கு முன் அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதால் தப்பித்தோம்.

அன்று ஏபிஐ பொய் சொல்லவில்லை, டூலும் அது சொன்னதை அப்படியே கொடுத்தது. தான் எதைப் பார்க்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை, அதுதான் கோளாறு. இந்த டூலைச் சரியாகக் கட்டி முடிக்க எனக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் போனது. கோட் எழுதியது அதில் ஒரு நாள்கூட இல்லை. மீதி எல்லாம் அனுமதி, ரீஜன், சாவி, வெற்றுப் பட்டியல் என்று அலைந்ததுதான். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் குபர்நெட்டிஸ் கிளஸ்டரை நடத்தித் தரும் சேவையான ஈகேஎஸ்ஸை வைத்துச் சொல்கிறேன். ஏஜென்ட்டுடன் பேச எம்சிபி (ஏஐ மாடலையும் டூலையும் இணைக்கும் பொது நெறிமுறை), மொழி பைத்தான். குபர்நெட்டிஸ் ஓரளவு தெரியும், எம்சிபி புதிது என்பவருக்கு இது போதும்.

1. பட்டியலில் எது வரும், எது வராது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கோட் எடிட்டரைத் திறக்காதீர்கள், இதை முதலில் படியுங்கள்.

ஈகேஎஸ் ஏபிஐயில் லிஸ்ட்நோட்குரூப்ஸ் என்று ஒரு அழைப்பு இருக்கிறது. கிளஸ்டர் பெயரைக் கொடுத்தால் அதில் உள்ள மேனேஜ்டு நோட் குரூப்களின் பெயர்களைத் தரும். பெயர்கள் மட்டும். எத்தனை மெஷின், என்ன வகை, ஸ்பாட்டா (மலிவு, ஆனால் எப்போது வேண்டுமானாலும் பறிக்கப்படலாம்) ஆன்-டிமாண்டா எதுவும் வராது. அதற்கு ஒவ்வொரு பெயருக்கும் தனியாக டிஸ்கிரைப்நோட்குரூப் கூப்பிட வேண்டும்.

இந்தப் பட்டியலில் வராத மெஷின்கள் முக்கியமாக நான்கு வகை. ஆட்டோ ஸ்கேலிங் குரூப் வைத்து நாமே கட்டிய செல்ஃப்-மேனேஜ்டு நோட்கள் வராது. கார்பென்டர் ஏற்றியவை வராது. மெஷினை நாம் பார்க்கத் தேவையில்லாத ஃபார்கேட்டில் ஓடும் பாட்கள் வராது, அவற்றுக்கு ஃபார்கேட் ப்ரொஃபைல் என்று தனிப் பட்டியல் உண்டு. 2024 டிசம்பரில் வந்த ஈகேஎஸ் ஆட்டோ மோடு (மெஷின்களை ஈகேஎஸ்ஸே பார்த்துக்கொள்ளும் முறை) ஏற்றும் மெஷின்களும் வராது.

இதோடு பெயர்க் குழப்பம் வேறு. ஈகேஎஸ் "நோட் குரூப்" என்பதை கூகுளின் ஜிகேஈயும் மைக்ரோசாஃப்ட்டின் ஏகேஎஸ்ஸும் "நோட் பூல்" என்கின்றன. கார்பென்டரிலும் "நோட்பூல்" உண்டு, ஆனால் அது வேறு சங்கதி: எந்த மாதிரி மெஷின் ஏற்றலாம் என்ற விதி அது, மெஷின்களின் கூட்டம் கிடையாது. நமக்கே தடுமாறும் இடத்தில் ஏஜென்ட் தடுமாறாமல் இருக்குமா? படி 6-இல் இதற்கு வழி சொல்கிறேன்.

2. சொந்தமாக எழுத வேண்டுமா?

ஏடபிள்யூஎஸ் லேப்ஸ் ஈகேஎஸ்ஸுக்கென்று ஒரு எம்சிபி சர்வரை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டிருக்கிறது. இயல்பாகவே அது படிக்க மட்டும் செய்யும். எழுத அனுமதிக்கவும், லாக் மாதிரி ரகசியத் தகவலைக் காட்டவும் தனித்தனியாக ஃப்ளாக் கொடுத்துத்தான் திறக்க வேண்டும். கிளஸ்டரை முழுசாகத் தோண்ட ஒரு ஏஜென்ட் வேண்டும் என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்விக்குப் பதில். அதற்கு நிறைய டூல் கொண்ட சர்வரை மாட்டினால், ஒவ்வொரு உரையாடலிலும் அத்தனை டூல்களின் விவரமும் மாடலிடம் போகும், டோக்கன் செலவாகும், தவறான டூலை எடுக்கும் வாய்ப்பும் கூடும். செக்யூரிட்டி டீமிடம் ஐந்து வரி பாலிசியைக் காட்டி ஒப்புதல் வாங்குவதும் சுலபம். அதனால் சொந்தமாகவே எழுதினேன்.

3. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள், நடுவில் எழுந்து போய்த் தேடினால் அன்றைய நாள் போச்சு.

முதலில் 12 இலக்க அக்கவுன்ட் எண். டெவ், ப்ராட் என்று இரண்டு அக்கவுன்ட் இருந்தால் இரண்டும். அப்புறம் கிளஸ்டர் இருக்கும் ரீஜன்களின் பட்டியல். மும்பை ஏபி-சவுத்-1, ஹைதராபாத் ஏபி-சவுத்-2. கடைசி எண்ணில் மட்டும்தான் வித்தியாசம், மாற்றி எழுதுவது ரொம்ப எளிது. பிறகு ஒவ்வொரு கிளஸ்டரின் சரியான பெயர், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. ஒவ்வொரு கிளஸ்டரிலும் மெஷின் ஏற்றுவது யார் என்பதையும் எதிரே குறித்துக்கொள்ளுங்கள்: நோட் குரூப், கார்பென்டர், ஃபார்கேட், ஆட்டோ மோடு. கடைசியில் சோதிக்கும்போது விடைத்தாள் இதுதான்.

மெஷினில் பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல், எம்சிபியின் பைத்தான் எஸ்டிகே, போட்டோ3 (ஏடபிள்யூஎஸ்ஸின் பைத்தான் லைப்ரரி), ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ (டெர்மினல் கமாண்ட் கருவி).

க்யூப்கான்ஃபிக் (கிளஸ்டருக்குள் நுழைய உதவும் ஃபைல்) வேண்டாம். நான் இதில் இரண்டு நாள் வீணடித்தேன். நோட் குரூப் பட்டியல் ஏடபிள்யூஎஸ் ஏபிஐயிலிருந்து வருகிறது, குபர்நெட்டிஸ் ஏபிஐக்குப் போவதே இல்லை. கிளஸ்டர் எண்ட்பாயின்ட் பிரைவேட்டாக இருந்தாலும் உங்கள் லேப்டாப்பிலிருந்தே, விபிஎன் இல்லாமலே, பட்டியல் கிடைக்கும். நான் அது தெரியாமல் நெட்வொர்க் டீமுக்கு டிக்கெட் போட்டுக் காத்திருந்தேன்.

4. அனுமதி: இங்கேதான் பெரும்பாலானோர் மாட்டுவார்கள்

ஏஜென்ட்டுக்கென்று தனி ஐஏஎம் ரோல் (யார் எதைச் செய்யலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் ஏடபிள்யூஎஸ் அடையாளம்) ஒன்று உருவாக்குங்கள். உங்கள் சொந்த அட்மின் சாவியை "சும்மா டெஸ்ட்டுக்கு" என்று கொடுக்காதீர்கள். அந்த டெஸ்ட் ஆறு மாதம் ஓடும்.

அடுத்த சபலம், ஏடபிள்யூஎஸ் தயாராக வைத்திருக்கும் ரீட்ஒன்லிஆக்சஸ் பாலிசியை மாட்டிவிடுவது. பெயரைப் பார்த்தால் பாதுகாப்பாகத்தான் தெரியும். ஆனால் அது எஸ்3 பக்கெட்டில் உள்ள ஃபைல்களைத் திறந்து படிக்கவும் விடும். நோட் குரூப் எண்ண வந்த ஏஜென்ட்டுக்கு வாடிக்கையாளர் ஃபைலைப் படிக்கும் உரிமை எதற்கு?

தேவையானவை இவ்வளவுதான். ஈகேஎஸ் பக்கம் நான்கு: லிஸ்ட்கிளஸ்டர்ஸ், டிஸ்கிரைப்கிளஸ்டர், லிஸ்ட்நோட்குரூப்ஸ், டிஸ்கிரைப்நோட்குரூப். இசி2 (ஏடபிள்யூஎஸ்ஸின் மெஷின் சேவை) பக்கம் ஒன்று: டிஸ்கிரைப்இன்ஸ்டன்ஸஸ், இது படி 7-க்கு. ஃபார்கேட் பயன்படுத்தினால் லிஸ்ட்ஃபார்கேட்ப்ரொஃபைல்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கண்ணி எங்கே என்று சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ரிசோர்ஸ் வேறு. லிஸ்ட்நோட்குரூப்ஸுக்கு கிளஸ்டரின் ஏஆர்என் (ஏடபிள்யூஎஸ்ஸில் ஒவ்வொன்றுக்கும் உள்ள முழு முகவரி) கொடுக்க வேண்டும். டிஸ்கிரைப்நோட்குரூப்புக்கு நோட் குரூப்பின் ஏஆர்என். இந்த இரண்டாவதின் கடைசிப் பகுதியில் கிளஸ்டர் பெயர், ஸ்லாஷ், நோட் குரூப் பெயர், ஸ்லாஷ், ஒரு நீளமான ஐடி என்று வரும். நான் இரண்டுக்கும் கிளஸ்டர் ஏஆர்என்னையே போட்டிருந்தேன். விளைவு: பெயர்கள் வந்தன, விவரம் கேட்டால் ஆக்சஸ் டினைடு. பாதி வேலை செய்ததால் பாலிசியில் தப்பு இருக்காது என்று நினைத்து கோட் பக்கத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட் குரூப் ஏஆர்என்னில் கிளஸ்டர் பெயருக்குப் பின் ஸ்லாஷ், ஸ்டார், ஸ்லாஷ், ஸ்டார் என்று போட்டதும் சரியானது. புது நோட் குரூப் வந்தாலும் பாலிசியைத் தொட வேண்டியதில்லை.

லிஸ்ட்கிளஸ்டர்ஸுக்கும் டிஸ்கிரைப்இன்ஸ்டன்ஸஸுக்கும் தனி ரிசோர்ஸ் கொடுத்துச் சுருக்க முடியாது, ஸ்டார்தான் போட்டாக வேண்டும். செக்யூரிட்டி டீம் இதைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். ரீஜனைக் கட்டுப்படுத்தும் கண்டிஷன் ஒன்றைச் சேர்த்து, உங்கள் இரண்டு ரீஜனுக்கு மட்டும் என்று காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ரோல் தயாரானதும் அந்த ரோலாக மாறி, கெட்-காலர்-ஐடென்டிட்டி கமாண்டை ஓட்டிப் பாருங்கள். இதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. நீங்கள் இப்போது எந்த அக்கவுன்ட்டில், எந்த ரோலில் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடும். பாலிசியை மாற்றியவுடன் வேலை செய்யவில்லை என்றால் பதறாதீர்கள், ஐஏஎம் மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச்சேர கொஞ்ச நேரம் எடுக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி முயலுங்கள்.

5. செலவும் நேரமும்

பட்டியல் எடுக்கும் ஏபிஐ அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. மாடலின் டோக்கன் செலவு உண்டு, அதைக் குறைப்பதை அடுத்த படியில் பார்ப்போம்.

பணம் போவது சோதனை கிளஸ்டரில். ஈகேஎஸ் கிளஸ்டர் ஒன்றுக்கு மணிக்கு 0.10 டாலர், மாதம் முழுக்க விட்டால் சுமார் 73 டாலர். குபர்நெட்டிஸ் வெர்ஷன் பழசாகி எக்ஸ்டெண்டெட் சப்போர்ட்டுக்குள் போய்விட்டால் அதே கிளஸ்டர் மணிக்கு 0.60 டாலர் ஆகிவிடும். ஒரு வெர்ஷனுக்கு வழக்கமான சப்போர்ட் 14 மாதம், எக்ஸ்டெண்டெட் அதற்குப் பின் 12 மாதம். ஆகவே சோதனைக்குப் புது வெர்ஷனில் உருவாக்குங்கள்.

மெஷினுக்குக் காசு கொடுக்காமலே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. நோட் குரூப் உருவாக்கும்போது மினிமம் 0, டிசையர்ட் 0, மேக்சிமம் 1 என்று கொடுங்கள். நோட் குரூப் பட்டியலில் வரும், விவரமும் வரும், ஆனால் இசி2 மெஷின் எதுவும் ஏறாது. இப்படி மூன்று குரூப் செய்துவைத்து டூலை முழுக்கச் சோதித்தேன்.

ஈகேஎஸ்சிடிஎல் என்ற கமாண்ட் கருவி மூலம் கிளஸ்டர் உருவாக்கினால் ஒன்றைக் கவனியுங்கள். இயல்பாகவே அது புது விபிசியும் (தனி நெட்வொர்க்) அதில் ஒரு நாட் கேட்வேயும் (வெளி இணையத்துக்கான வழி) போடும். மெஷின் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் நாட் கேட்வேக்கு மணிக்கணக்கில் காசு ஓடும். வெள்ளிக்கிழமை உருவாக்கிவிட்டு வீட்டுக்குப் போனால் திங்கட்கிழமை பில்லில் தெரியும்.

நேரத்தைப் பொறுத்தவரை, கிளஸ்டர் எழும்ப கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோட் ஒரு நாள், சோதனை ஒரு நாள். ரோலுக்கான ஒப்புதல்தான் உங்கள் இடத்தைப் பொறுத்தது. எனக்கு நான்கு வேலை நாள் ஆனது. அதனால் அந்த டிக்கெட்டை முதல் நாளே போட்டுவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் கோட் எழுதுங்கள்.

6. டூலை எழுதுவது

எம்சிபி எஸ்டிகேயில் உள்ள ஃபாஸ்ட்எம்சிபியை வைத்து ஒரு ஃபங்ஷன் எழுதி, அதன் தலையில் டூல் டெக்கரேட்டரைப் போட்டால் டூல் தயார். ஃபங்ஷனின் பெயர், டைப் குறிப்பு, டாக்ஸ்ட்ரிங் (ஃபங்ஷனுக்குள் எழுதும் விளக்கம்) மூன்றையும் படித்து எஸ்டிகேயே ஸ்கீமாவைக் கட்டிவிடும். அதனால் டாக்ஸ்ட்ரிங் அலங்காரம் இல்லை, மாடல் படிக்கப்போவது அதைத்தான். நல்ல தமிழிலோ ஆங்கிலத்திலோ, முழு வாக்கியமாக எழுதுங்கள்.

என் டாக்ஸ்ட்ரிங்கில் இப்போது இருப்பதன் சாரம் இது: "ஒரு ஈகேஎஸ் கிளஸ்டரில் உள்ள மேனேஜ்டு நோட் குரூப்களைத் தரும். மற்ற கிளவுட்களில் நோட் பூல் என்பதும் இதுவே. கார்பென்டர் நோட்பூல் இதில் வராது. பட்டியல் காலியாக இருந்தால் கிளஸ்டர் காலி என்று பொருளல்ல. பதிலில் உள்ள 'வெளியே உள்ளவை' பகுதியைப் பார்த்த பிறகே முடிவு சொல்." இந்தக் கடைசி வாக்கியம் போட்ட பிறகுதான் ஏஜென்ட்டின் பதில்கள் திருந்தின.

இன்புட் இரண்டு: கிளஸ்டர் பெயர், ரீஜன். ரீஜனுக்கு டிஃபால்ட் வைக்காதீர்கள். டிஃபால்ட் வைத்தால் மாடல் அதைக் கேட்காமலே விட்டுவிடும், மும்பையில் தேடிவிட்டு ஹைதராபாத் கிளஸ்டர் இல்லவே இல்லை என்று சொல்லும். ரீஜனைக் கட்டாயமாக்கி, நீங்கள் பயன்படுத்தும் ரீஜன்களை மட்டும் தேர்வுப் பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள்.

உள்ளே லிஸ்ட்நோட்குரூப்ஸ் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 100 பெயர் தரும், மீதி இருந்தால் நெக்ஸ்ட்டோக்கன் கொடுக்கும். போட்டோ3-இல் இதற்கு பேஜினேட்டர் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். "எங்களிடம் பத்து குரூப்தானே" என்று விட்டுவிடாதீர்கள். இந்த டூலை அடுத்த டீம் எடுத்துப் போடும், அவர்களிடம் எத்தனை இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

டிஸ்கிரைப் பதிலை அப்படியே மாடலிடம் கொட்டக்கூடாது. சப்நெட், ரோல் ஏஆர்என், டேக் என்று பக்கம் பக்கமாக வரும். நான் எடுப்பது: பெயர், ஸ்டேட்டஸ், மினிமம்-டிசையர்ட்-மேக்சிமம், மெஷின் வகை, ஸ்பாட்டா ஆன்-டிமாண்டா, குபர்நெட்டிஸ் வெர்ஷன், டெயின்ட், ஹெல்த் பிரச்சினை. டேக்கை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். டேக்கில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம், அந்த எழுத்து மாடலின் காதில் கட்டளையாக விழ வாய்ப்பு இருக்கிறது.

சில நுணுக்கங்களைச் சொல்லியாக வேண்டும். டிசையர்ட் என்பது கேட்ட எண்ணிக்கை, எழுந்து ரெடியாக நிற்கும் எண்ணிக்கை இல்லை. பதிலில் அந்த இடத்துக்கு "கேட்டிருப்பது" என்று பெயர் வைத்தேன், மாடல் அதன் பிறகு "ஐந்து மெஷின் ஓடுகிறது" என்று எழுதுவதை நிறுத்தியது. அடுத்து, லாஞ்ச் டெம்ப்ளேட்டில் மெஷின் வகையைக் குறிப்பிட்டிருந்தால் டிஸ்கிரைப் பதிலில் அந்த இடம் வெறுமையாக வரும். வெறுமையாக அனுப்பினால் மாடல் டி3.மீடியம் என்று தானாக நிரப்பிவிடும், ஏனென்றால் ஈகேஎஸ்ஸின் டிஃபால்ட் அதுதான் என்று அதற்குத் தெரியும். "லாஞ்ச் டெம்ப்ளேட்டில் உள்ளது, இங்கே தெரியாது" என்று எழுத்தாலேயே அனுப்புங்கள். ஹெல்த் பகுதியை மட்டும் சுருக்காதீர்கள். ஸ்டேட்டஸ் டிகிரேடட் என்று வரும்போது ஏன் என்று அதில்தான் இருக்கும், சப்நெட்டில் ஐபி தீர்ந்துவிட்டது போன்ற காரணம் அப்படியே வரும்.

பிழையைக் கையாளும் இடத்தில் கவனம் தேவை. என் முதல் கோடில், எந்தப் பிழை வந்தாலும் பிடித்து வெற்றுப் பட்டியலைத் திருப்பித் தரும் இரண்டு வரி இருந்தது. அனுமதி இல்லை என்றாலும் வெறுமை, கிளஸ்டர் பெயர் தப்பு என்றாலும் வெறுமை. ஏஜென்ட்டுக்கு எல்லாமே "எதுவும் இல்லை" என்றுதான் தெரியும். எம்சிபியில் டூல் தோற்றால் அதைப் பிழை என்று குறித்து, காரணத்தை எழுத்தில் திருப்பி அனுப்ப வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்தி, "இந்த ரோலுக்கு இந்த அனுமதி இல்லை", "இந்தப் பெயரில் இந்த ரீஜனில் கிளஸ்டர் இல்லை" என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். இரண்டாவதைப் படித்த ஏஜென்ட் தானே அடுத்த ரீஜனில் தேடிப் பார்த்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

ஏஜென்ட் ஒரே கேள்வியை நிமிடத்தில் ஐந்து தடவை கேட்கும் பழக்கமுள்ளது. குரூப் நிறைய இருந்தால் டிஸ்கிரைப் அழைப்புகள் குவிந்து ஏடபிள்யூஎஸ் வேகத்தைத் தடுக்கும். ஒரு நிமிட கேஷ் வைத்து, பதிலில் எடுத்த நேரத்தையும் போட்டுவிடுங்கள். போட்டோ3-இன் ரீட்ரை முறையை ஸ்டாண்டர்ட் என்று மாற்றிவிடுங்கள்.

7. விடுபட்டதைச் சொல்லும் பகுதி

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நோட் குரூப் பட்டியல் முடிந்ததும் டூல் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, டிஸ்கிரைப்கிளஸ்டர் பதிலில் கம்ப்யூட் கான்ஃபிக் என்ற இடம். ஆட்டோ மோடு இயங்குகிறதா, ஈகேஎஸ்ஸே தரும் நோட்பூல்களில் எவற்றைப் போட்டிருக்கிறார்கள் என்று அங்கே இருக்கும்.

இரண்டாவது, இசி2 மெஷின்களின் டேக். அந்த கிளஸ்டருக்குரிய மெஷின்களில் குபர்நெட்டிஸ்.ஐஓ, ஸ்லாஷ், கிளஸ்டர், ஸ்லாஷ், கிளஸ்டர் பெயர் என்ற டேக் "ஓன்டு" மதிப்போடு இருக்கும். மேனேஜ்டு நோட் குரூப்பைச் சேர்ந்த மெஷினில் இதோடு ஈகேஎஸ், கோலன், நோட்குரூப்-நேம் என்ற டேக்கும் இருக்கும். முதல் டேக் இருந்து இரண்டாவது இல்லாத, ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களை எண்ணுங்கள். கார்பென்டர், செல்ஃப்-மேனேஜ்டு இரண்டும் அந்த எண்ணிக்கையில் சிக்கும். கார்பென்டருடையதில் அதன் நோட்பூல் டேக்கும் இருக்கும் என்பதால் இரண்டையும் பிரித்தும் காட்டலாம். மெஷின் விவரங்களை மாடலிடம் கொடுக்க வேண்டாம், எண்ணிக்கை போதும்.

எங்களைப் பயமுறுத்திய அதே கிளஸ்டருக்கு இன்று டூல் இப்படிப் பதில் தருகிறது: மேனேஜ்டு நோட் குரூப் 0, வெளியே உள்ளவை: கார்பென்டர் 28, செல்ஃப்-மேனேஜ்டு 0, ஆட்டோ மோடு இல்லை, ஃபார்கேட் ப்ரொஃபைல் 1, பார்க்காதவை: குபர்நெட்டிஸ் ஏபிஐ. இதைப் படித்த ஏஜென்ட், "நோட் குரூப் இல்லை, ஆனால் கார்பென்டர் மூலம் 28 மெஷின் ஓடுகிறது, இது பயன்பாட்டில் உள்ள கிளஸ்டர்" என்று எழுதியது.

"பார்க்காதவை" என்ற அந்தக் கடைசி வரி எப்போதும் வர வேண்டும், எல்லாம் நன்றாக இருந்தாலும். ஃபார்கேட் அனுமதி கொடுக்காவிட்டால் "ஃபார்கேட் பார்க்கவில்லை" என்று அதில் எழுதுங்கள், 0 என்று எழுதாதீர்கள்.

8. ஏஜென்ட்டுடன் இணைப்பது

லேப்டாப்பில் ஓட்டினால் ஸ்டாண்டர்ட் இன்புட், அவுட்புட் வழியாக இணைப்பதே எளிது. இதில் மூன்று கண்ணி.

கோடில் எங்காவது பிரின்ட் போட்டிருந்தால் இணைப்பு உடையும். எம்சிபி செய்திகள் அதே ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில்தான் போகின்றன, நடுவில் உங்கள் டீபக் வரி நுழைந்தால் கிளையன்ட்டுக்குப் புரியாது. லாக் எல்லாவற்றையும் ஸ்டாண்டர்ட் எரருக்கு அனுப்புங்கள்.

டெர்மினலில் வேலை செய்யும் டூல், டெஸ்க்டாப் ஆப் உள்ளே சாவி இல்லை என்று அழும். ஆப் உங்கள் ஷெல்லின் என்விரான்மென்ட் மாறிகளைத் தானாக எடுத்துக்கொள்வதில்லை. ப்ரொஃபைல் பெயரையும் ரீஜனையும் கிளையன்ட்டின் கான்ஃபிக் ஃபைலிலேயே எழுதுங்கள், பைத்தானின் முழுப் பாதையையும் கொடுங்கள்.

மூன்றாவது, ஒரு மணி நேரம் கழித்து டூல் செத்துப்போவது. ரோல் செஷனின் டிஃபால்ட் ஆயுள் ஒரு மணி நேரம். தற்காலிகச் சாவியைக் காப்பி செய்து ஒட்டியிருந்தால் அது தானாகப் புதுப்பிக்காது. ப்ரொஃபைலில் ரோல் ஏஆர்என்னையும் சோர்ஸ் ப்ரொஃபைலையும் எழுதிவிட்டால் போட்டோ3 தானே புதுப்பித்துக்கொள்ளும். சாவியை கான்ஃபிக் ஃபைலில் நேராக எழுதுவது எந்த நாளும் வேண்டாம், அந்த ஃபைல் ஒரு நாள் கிட் ரெப்போவில் ஏறும்.

டூலுக்கு "படிக்க மட்டும்" என்ற குறிப்பையும் போட்டுவிடுங்கள், சில கிளையன்ட்கள் அதைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் ஒப்புதல் கேட்காமல் விடும். ஆனால் அது வெறும் குறிப்பு. உண்மையான பூட்டு படி 4-இல் போட்ட ஐஏஎம் பாலிசிதான்.

9. சோதனை

ஏஜென்ட்டிடம் கொடுப்பதற்கு முன் எம்சிபி இன்ஸ்பெக்டரில் ஓட்டிப் பாருங்கள். மாடல் இல்லாமல் டூலை மட்டும் கூப்பிட்டு, பதில் எப்படி வருகிறது என்று பார்க்கலாம், டோக்கன் செலவும் இல்லை.

பிறகு ஏஜென்ட்டிடம் படி 3-இல் எழுதிய விடைத்தாளோடு உட்காருங்கள். சரியான கிளஸ்டரைக் கேட்பது எல்லோரும் செய்வது. நீங்கள் தப்பானதைக் கேளுங்கள். பெயரில் ஒரு எழுத்தை மாற்றிக் கேளுங்கள். தப்பான ரீஜனைச் சொல்லுங்கள். பாலிசியிலிருந்து டிஸ்கிரைப்நோட்குரூப்பை எடுத்துவிட்டுக் கேளுங்கள். கார்பென்டர் மட்டும் உள்ள கிளஸ்டரைக் காட்டி "இதை நீக்கலாமா?" என்று கேளுங்கள். பெயரோ ரீஜனோ தப்பானால் "இந்தப் பெயரில் இந்த ரீஜனில் கிளஸ்டர் இல்லை" என்றும், அனுமதி இல்லாதபோது "பார்க்க முடியவில்லை" என்றும், கடைசிக் கேள்விக்கு "பயன்பாட்டில் உள்ளது" என்றும் ஏஜென்ட் சொன்னால் தேறியது. எங்காவது "நோட் குரூப் இல்லை, கிளஸ்டர் காலி" என்று உறுதியாகச் சொன்னால் படி 6-க்கும் 7-க்கும் திரும்பிப் போங்கள்.

10. முதல் வாரம்

ஏஜென்ட் உண்மையில் என்ன கேட்டது என்று கிளவுட்டிரெயிலில் (ஏடபிள்யூஎஸ் அழைப்புகளின் பதிவேடு) பாருங்கள். ஈவென்ட் ஹிஸ்டரியில் 90 நாள் பதிவு இலவசமாக இருக்கும். ஆனால் அந்தப் பக்கம் திறந்ததும் படிக்க மட்டுமான அழைப்புகளை மறைக்கும் ஃபில்டர் போட்டிருக்கும். நம் டூல் செய்வது முழுக்கப் படிக்கும் அழைப்புகள்தான், அதனால் எதுவுமே நடக்காத மாதிரி தெரியும். ஃபில்டரை எடுத்துவிட்டு ரோல் பெயரில் தேடுங்கள். அழைப்பு பதிவாகிக் கண்ணில் பட சில நிமிடம் ஆகும்.

அதில் ஆக்சஸ் டினைடு வரிகள் வந்தால் ஒவ்வொன்றையும் படியுங்கள். எங்களுடையதில் மூன்றாம் நாள், பாலிசியில் இல்லாத ஒரு கிளஸ்டரை ஏஜென்ட் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தது. போய்ப் பார்த்தால், வேறொரு டீம் உருவாக்கிவிட்டு மறந்த கிளஸ்டர். எங்கள் தாளில் அந்தப் பெயரே இல்லை.

சோதனை கிளஸ்டரை அழிக்கும்போது வரிசை முக்கியம். நோட் குரூப்களையும் ஃபார்கேட் ப்ரொஃபைல்களையும் முதலில் நீக்குங்கள், அவை இருக்கும்வரை கிளஸ்டரை நீக்க ஏபிஐ விடாது. அப்புறம் கிளஸ்டர், கடைசியாக நாட் கேட்வேயும் விபிசியும். ஈகேஎஸ்சிடிஎல் வைத்து உருவாக்கியிருந்தால் அதையே வைத்து நீக்குங்கள், எல்லாம் சேர்ந்து போகும். மறுநாள் பில்லிங் பக்கத்தைத் திறந்து நாட் கேட்வே வரி நின்றுவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.